அழிக்காதீங்க ஆன்ட்டி

அந்த டாக்டர் பிள்ளை முதல் நாள் என்னிடமிருந்து மூன்று குழாய் ரத்தமும் ஒரு ரப்பரும் எடுத்துக்கொண்டது.

ரத்தம் எதற்கு என்று அன்றைக்கே விளக்கிச் சொன்னது. ரப்பர் எதற்கு என்று எனக்கு விளங்க ஒரு வருஷம் பிடித்தது.

நான் கூலாய் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள். பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினேன். அதற்குப் பிறகு செனாயில் ஒரு தொழிற்சாலையில் சின்னச் சின்னக் கம்பிகளைப் பொருத்துகிற வேலை. எழுதுகிற வேலை எனக்கு வாய்த்ததே இல்லை. யாராவது எழுதச் சொன்னால் தப்பாகிவிடும் என்று பயம். அதனால் பென்சிலில்தான் எழுதுவேன், பக்கத்திலேயே ரப்பர் இருக்கும். பள்ளியில் அடித்துத் திருத்தி எழுதினால் வாத்தியார் விரல் முட்டியில் ரூல்தடியால் தட்டுவார். அடி வாங்கிய அதே முட்டிகள்தான் வயசான காலத்தில் வீங்கின.

அந்த வீக்கத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் நடந்த ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று அந்தப் பிள்ளை ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து, பேரும் தேதியும் எழுதச் சொன்னது. தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காதீங்க ஆன்ட்டி."

கையில் இருந்ததை மெதுவாக வாங்கித் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டது. ஒரு நீலப் பேனாவைக் கொடுத்தது.

"தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு போடுங்க. அடியில இருக்கிறது தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, சின்னதா கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்."

"தப்பு எல்லாருக்கும் தெரியுமே டாக்டர்."

"தெரியட்டும் லா."

அந்தப் பிள்ளையின் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்குப் பிடிக்காது. நேரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் பிள்ளை என்றுதான் வரும்.

எனக்கு வந்த நோயை அந்தப் பிள்ளைதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது. அதுவரை வாதம், குளிர், தொழிற்சாலை ஏர்கோன் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பிள்ளை சொன்னது: "நம்ம உடம்புல ஒரு ஜாகா இருக்கான் ஆன்ட்டி. கிருமி வந்தா அடிக்கிறது அவன் வேலை. உங்க ஜாகாவுக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போச்சு. வீட்டு ஆளையே அடிக்கிறான்."

"குடிச்சிருப்பானோ?" என்று கேட்டேன். எங்கள் தோட்டத்தில் காவலுக்கு இருந்த ஜாகா குடித்தால் அப்படித்தான், மானேஜரையே கேட்டில் நிறுத்திவிடுவான். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எப்படியோ வாயில் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "ஏன் இப்படி ஆனான்னுதான் ஆன்ட்டி யாருக்கும் முழுசாத் தெரியல. அதைத்தான் நான் படிக்கிறேன்," என்றது.

அது என்ன படிப்பு என்று அதன் அம்மாவுக்கே விளங்கவில்லையாம். வீடு லாபிஸில். அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும் போன் போட்டு, டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சு, இன்னும் என்னடி படிப்பு என்று கேட்பாராம். பிள்ளை வாரத்தில் மூன்று நாள் எங்களைப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் பின்கட்டிடத்தில் எங்கள் ரத்தத்தைப் பார்க்கும். வைத்தியமும் தெரிய வேண்டும், ஆராய்ச்சியும் தெரிய வேண்டும், இரண்டும் தெரிந்த ஆள்கள் ரொம்பக் குறைவு, அதற்காகத்தான் இந்தப் பயிற்சி என்று சொன்னது. எங்களோடு வரிசையில் உட்காருகிற தனலெட்சுமி அக்கா அதற்குப் 'பாதி டாக்டர்' என்று பேர் வைத்திருந்தார்.

"பாதி டாக்டர் இன்னிக்கி வந்துச்சா?"

"மெதுவாப் பேசுங்கக்கா, காதுல விழும்."

"விழட்டும். பாதிக் காதுதானே கேக்கும்."

அக்காவுக்கும் எனக்கு இருக்கிற அதே நோய்தான். கூலாயிலிருந்து மகனுடைய காரில் வருவார். நான் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பஸ்ஸில் போவேன். மருமகள் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடும், கொண்டுவிடச் சொல்லி அதைக் கேட்க முடியாது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் காலையில் எனக்குப் போன் போட்டுத் தன் கணக்கைச் சொல்லுவார். அவர் புத்தகத்தையும் நான்தான் வைத்திருந்து எழுதினேன். ஆறாவது படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

புத்தகத்தில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையில் கண் விழித்ததிலிருந்து விரல் மடங்கிக் கை முழுசாக மூடுகிற வரைக்கும் எத்தனை நிமிஷம். நோய் இருக்கிறவர்களுக்குத்தான் அது என்ன நேரம் என்று தெரியும். பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. கதவுப் பிடியைத் திருப்ப முடியாது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பிள்ளை எப்போதும் களைத்துத்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம் ஒன்று கட்டியிருக்கும். கொண்டையில் பேனா செருகியிருக்கும், அதை மறந்துவிட்டு மேசையெல்லாம் பேனா தேடும். ரத்தம் எடுத்ததும் குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தும், பத்து தடவை. எண்ணுவது தமிழில்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்க்குள் எண்ணும். இங்கிலீஷில் எண்ணினால் தப்பிவிடுமாம். பிறகு குழாய்களை நீல ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பின்கட்டிடத்துக்கு நடக்கும். ஒரு தடவை பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில், மாடிப்படியில் அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடியே கண் அசந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. ரத்தம் கெட்டுவிடுமோ என்று பயந்து தோளைத் தொட்டேன். எழுந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தது. பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்த நேரத்தில் ஒரு கோடு போட்டு, ஒன்பது நிமிஷம் கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டது.

"தூங்கினது யாருக்குத் தெரியப் போவுது டாக்டர்?"

"ரத்தத்துக்குத் தெரியும் ஆன்ட்டி," என்றது.

அது அப்படித்தான். ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்கிற தாளைத் தமிழில் அச்சடித்து வந்தார்கள். அதில் 'மூட்டு வலி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மூட்டை வலி' என்று இருந்தது. தனலெட்சுமி அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

"மூட்டை வலியா? அது தோட்டத்துல உரமூட்டை தூக்குன காலத்துலயே வந்துச்சே! அதுக்கு இப்பத்தான் மருந்து கண்டுபிடிக்கிறாங்களா?"

வரிசையே சிரித்தது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் ஓடிவந்து, "அலமாக், வேற பிரிண்ட் எடுத்துடலாம் டாக்டர்," என்றார். அந்தப் பிள்ளை வேண்டாம் என்றது. சிலர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், அவர்கள் எதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்களோ அது இருக்க வேண்டுமாம். கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் 'மூட்டை'யின்மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'மூட்டு', கையெழுத்து, தேதி. மத்தியானச் சாப்பாடு பொட்டலம் பிரிக்காமலே மேசையில் கிடந்தது.

இன்னொரு நாள், வேறொரு இளம் டாக்டர் பையன் நோயாளி விவரம் நிரப்புகிற ஒரு பாரத்தில் வெள்ளை மை தடவித் திருத்திக்கொண்டு வந்தான். அந்தப் பிள்ளை அவனைத் திட்டவில்லை. பாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது. பிறகு நகத்தால் சுரண்டியது. அடியில் இருந்த எண் தெரிகிற வரைக்கும் சுரண்டியது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. இதனிடம் பொய் சொல்லிவிட்டு இருக்க முடியாது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

முதல் மாசங்களில் நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். தொண்ணூறு நிமிஷம். எண்பது. நூறு. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எண் இறங்கவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், நான் அறைக்கு வெளியே நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பிள்ளை அம்மாவோடு போனில் பேசியது.

"இல்லம்மா. நம்பர் இறங்கல. யாருக்குமே இறங்கல. ப்ரோஃப்கிட்ட காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல... தெரியல... சரிம்மா, வந்துடறேன். இந்த வருஷத்தோட விட்டுட்டு லாபிஸ்லயே கிளினிக் வச்சிடறேன், போதுமா? அழல. தூக்கம் பத்தல, அவ்வளவுதான்."

ப்ரோஃப் என்பது அதற்குச் சொல்லிக்கொடுக்கிற பெரிய டாக்டரம்மா. நம்பர் என்பது எங்கள் நிமிஷம். எனக்கு அப்படித்தான் விளங்கியது. நாங்கள் குணமாகாததால் இந்தப் பிள்ளையின் படிப்பு போகப் போகிறது.

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லுவோமா? இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்றுதானே சொல்லுவோம். எனக்கு வளர்ப்பு அது. இவ்வளவு பாடுபட்டு மருந்து கொடுக்கிற பிள்ளையிடம் மருந்து கேட்கவில்லை என்று தினமும் எழுதிக் கொடுப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. மறுநாள் காலையில் விரல் மூட நூறு நிமிஷம் ஆனது. நான் எழுபது என்று எழுதினேன். அடுத்த வாரம் ஐம்பது. அக்கா போனில் எண்பது என்றால் நாற்பது போட்டேன். மெல்ல மெல்லத்தான் இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வருமே.

அழிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எழுதும்போதே பொய்யாக எழுதினேன். அந்தப் புத்தகத்தில் அடித்தல் இல்லாமல் சுத்தமாக இருந்த பக்கங்கள் அவைதான்.

அடுத்தடுத்த தடவை போனபோது அந்தப் பிள்ளை புத்தகத்தை வெகுநேரம் பார்த்தது. என் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கியது. தன் கட்டை விரல் நகம் வெளுக்கிற அளவுக்குத்தான் அமுக்கும், அதற்குமேல் அமுக்காது. உயிர் போகிற மாதிரி இருந்தது. நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"பரவால்ல டாக்டர்."

"வீக்கம் இருக்கே. ரத்தத்துலயும் இறங்கல. ஆனா நிமிஷம் இறங்கியிருக்கு." பேனாவைத் தேடியது. கொண்டையில் இருந்தது. "ரத்தம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. உங்களுக்கும் அக்காவுக்கும் மட்டும்."

பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. சிரித்தது.

"ஜாகா இன்னும் அடிக்கிறான். ஆனா உங்களுக்கு வலி கொறையுது. எப்படி? உங்க ரெண்டு பேர் ரத்தத்துல மட்டும் அப்படி என்ன இருக்கு?"

அதிலிருந்து வந்தது வினை. அது இன்னும் அதிகம் ரத்தம் எடுத்தது. கும்பிட்டுக் கேட்டு எடுத்தது. லாபிஸுக்குப் போகவில்லை. கிறிஸ்மஸுக்கும் போகவில்லை என்று மிஸ்ஸி சொன்னார். நடை வேகமாகிவிட்டது. எங்களைப் பார்த்தால் தூரத்திலிருந்தே கையைத் தூக்கும். "ஆன்ட்டி, உங்க புக்குதான் இப்ப என்னைத் தூங்க விடமாட்டேங்குது," என்றது. எனக்கும் தூக்கம் இல்லை.

ஒரு நாள் ப்ரோஃபையே கூட்டி வந்தது. மலாய்க்கார அம்மா, தலையை மூடி வெள்ளைத் துடோங், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு அமுக்கினார். அமுக்கும்போது என் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"சாக்கிட், மாக்சிக்?"

வலிக்கிறதா ஆன்ட்டி என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

"தாக் சாங்காட்," என்றேன். அவ்வளவாக இல்லை. பரவால்ல என்பதை மலாயில் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

ப்ரோஃப் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிள்ளை தலையை ஆட்டியது. அவர் போனதும் என்னிடம் வந்து, "அடுத்த மாசம் கோலாலம்பூர்ல பெரிய டாக்டருங்க முன்னாடி இதைச் சொல்லப் போறேன் ஆன்ட்டி. உங்க பேர் வராது, பதினேழாம் நம்பர்னுதான் வரும். வெளிநாட்டுல மேற்கொண்டு பயிற்சிக்கு இதை வச்சுத்தான் கேக்கணும்," என்றது.

வீட்டுக்கு வந்து தனலெட்சுமி அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் கணக்கையும் நான் குறைத்து எழுதியது அதுவரை அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா வெடித்தார்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் வலிய கொறச்சிட்டியா? மருந்தே கொறைக்கல, நீ கொறச்சிட்ட!"

"தப்புதாங்கக்கா."

"நான் ஒவ்வொரு நாளும் காலைல உயிரைக் குடுத்து எண்ணிச் சொல்றேன். நீ பாதி வெலைக்கு வித்திருக்கே."

"நான் போய்ச் சொல்லிடறேன் அக்கா."

அக்காவின் குரல் இறங்கியது. "சொல்லாத. அந்தப் புள்ள சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் சிரிக்குது. இப்பப் போயி கெடுக்காத. நாலு டாக்டருங்க முன்னாடி நின்னு ஏதோ பேசிட்டு வரட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

ரத்தத்துக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளை படிக்கட்டில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்கியிருக்காது, எனக்கே அப்போதுதான் விளங்கியது. அடியில் இருப்பது தெரிய வேண்டும் என்று அது சொன்னது என் தேதிக்காக மட்டும் இல்லை. என் தப்பின்மேல் அது வீடு கட்டப் போகிறது, அந்த வீட்டில் நாளைக்கு வேறு யார் யாரோ நோயாளிகள் குடிபோவார்கள்.

கிளினிக் நாள் இல்லாத ஒரு நாளில் போனேன். அந்தப் பின்கட்டிடத்துக்கு நான் போனதே இல்லை. வழி கேட்க வெட்கப்பட்டு இரண்டு மாடி தப்பாக ஏறி இறங்கினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அது முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. தட்டக் கை வரவில்லை. முட்டி வலித்தது, அதனால் வளையலால் தட்டினேன்.

"ஆன்ட்டி! என்ன இங்க? உடம்பு சரியில்லையா?"

இரண்டு புத்தகத்தையும் நீட்டினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "இதுல இருக்கிறது பொய் டாக்டர்," என்றேன். "நான் கொறச்சு எழுதிட்டேன். அக்காவுக்கும் நான்தான். அவங்களுக்குத் தெரியாது."

ஏன் என்று கேட்கும், திட்டும், அழும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை கேட்டது ஒன்றுதான்.

"எந்தத் தேதியில இருந்து?"

தீபாவளிக்கு அடுத்த வாரத்தைக் காட்டினேன். அது பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பியது. "இவ்வளவு சுத்தமா இருக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்று தனக்குள் சொன்னது. பிறகு எழுந்து வெளியே போனது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது, முன்மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டது.

"ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு போடுங்க ஆன்ட்டி."

"பக்கத்துல சரியானத எழுதணுமா?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு ரெண்டு நாள் இருக்கு. மத்தது... ஏறக்குறைய சொல்லலாம்."

"ஏறக்குறைய வேணாம். ஞாபகம் இல்லாததுக்குத் 'தெரியாது'ன்னு எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினேன். கோடு. தெரியாது. கையெழுத்து. தேதி. அடுத்த வரி. மூன்று மாசம், இரண்டு புத்தகம். பத்துப் பதினைந்து வரியிலேயே விரல் பேனாவை விட்டுவிட்டது. "நீங்களே போட்டுடுங்களேன் டாக்டர்," என்றேன்.

"நான் போட்டா அது என் கோடு ஆன்ட்டி. உங்களோடது நீங்கதான் போடணும்."

ஆனால் எழுந்துபோய்க் காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருள் ஒன்றை எடுத்துவந்து பேனாவைச் சுற்றித் தடிமனாகக் கட்டிக் கொடுத்தது. நான் ஒரு வரி முடிக்க முடிக்கப் பக்கத்தில் சாட்சியாகத் தன் பேரின் இரண்டு எழுத்தைப் போட்டது. இடையில் ஒரு தடவை இரண்டு கோடு இழுத்துவிட்டேன். "ஒண்ணு போதும்," என்றது. ஏதோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்து மேசையை விட்டுப் போய்விட்டது.

கடைசி வரி முடிந்ததும் நான், "நீங்க அம்மாகிட்ட போன்ல பேசினதைக் கேட்டுட்டேன். போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்," என்றேன்.

அது என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் அப்போதே வெளிப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தன.

"உங்களுக்கு மருந்தைக் கூட்டியிருக்கணும். மூணு மாசம் கூட்டாம விட்டுட்டேன்," என்றது. "எனக்கு ஒரு வருஷம் போகும். அது பரவால்ல. இந்த விரல் திரும்பாது. வீக்கத்தை என் கையாலதான் தொட்டுப் பாத்தேன் ஆன்ட்டி. ரத்தத்தை என் கண்ணாலதான் பாத்தேன். அப்புறமும் புக்கை நம்பினேன். நம்ப ஆசையா இருந்துச்சு."

அந்தப் பிள்ளையின் வாயில் பரவால்ல என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது.

என் வைத்தியக் கோப்பை எடுத்துவரச் சொல்லி, தான் எழுதியிருந்த மூன்று மாசக் குறிப்பிலும் ஒவ்வொரு கோடு போட்டது. கையெழுத்து, தேதி. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"இன்னிக்குக் காலையில எத்தனை நிமிஷம்?"

"நூத்திப் பத்து."

எழுதிக்கொண்டது. மருந்தை மாற்றியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மிஸ்ஸி சொல்லித்தான் தெரியும். கோலாலம்பூருக்கு அது போகவில்லை. ப்ரோஃப் திட்டவில்லையாம், முதலிலிருந்து ஆரம்பி என்று மட்டும் சொன்னாராம். அதனோடு சேர்ந்தவர்கள் முடித்துவிட்டுப் போனார்கள். இது புது ஆட்களைச் சேர்த்தது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி தமிழில் இருந்தது: 'வலி குறையவில்லை என்று எழுதினால் டாக்டருக்கு வருத்தம் வராது.' அதை எனக்காக எழுதியது என்று தனலெட்சுமி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

எங்களிடம் அதன் பேச்சு மாறவில்லை. ஆனால் தூரத்திலிருந்து கையைத் தூக்குவது நின்றுவிட்டது. நானும் எதிர்பார்க்கவில்லை. களைப்பு மட்டும் பழையபடி வந்து கண்ணுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

பயிற்சியை ஒருவழியாக முடித்துவிட்டு வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக எங்களைப் பார்த்தது. முட்டிகளை அமுக்கி முடித்த பிறகு, ரொம்ப நாளாக வாயில் இருந்ததைக் கேட்டேன்.

"என்னை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்களா டாக்டர்?"

மேசை இழுப்பைத் திறந்து ஒரு பெரிய தாளை எடுத்துக் காட்டியது. எண்கள் வரிசையாக இருந்தன. பதினேழின்மேல் ஒரு கோடு. அடியில் பதினேழு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி, அதன் கையெழுத்து, தேதி.

"எடுக்கக் கூடாது ஆன்ட்டி. எடுத்தா நீங்க வரவே இல்லைன்னு ஆயிடும்."

பிறகு அதே இழுப்பிலிருந்து என் ரப்பரை எடுத்துக் கொடுத்தது. பழுப்பேறிக் காய்ந்துபோயிருந்தது.

இப்போது வேறு டாக்டர்கள். வருஷத்துக்கு ஒருவர் மாறுகிறார்கள். தட்டையான கம்ப்யூட்டரில் விரலால் தட்டுகிறார்கள். சின்ன டாக்டர் ஒருவர் போன வாரம், "ஓக்கே ஆன்ட்டி? பெயின் ஓக்கே?" என்று கேட்டார். வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "ஓக்கே இல்ல," என்றேன். அவர் முகம் வாடியது. அதைப் பார்க்கத்தான் இன்னும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

யாரும் கேட்காவிட்டாலும் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற கொப்பியில், துணி சுற்றிய பேனாவால். இன்றைக்குக் காலையில் மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே, "இன்னிக்கு எப்படி அத்தை?" என்று கேட்டது. பாவம், அதுவும் தூங்காத முகம். அதைப் பார்த்துக்கொண்டே இருபது என்று எழுதிவிட்டேன். அது போன பிறகு கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றேன். விரல் மூட எழுபத்தைந்து ஆனது.

இருபதின்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுபத்தைந்து, கையெழுத்து, தேதி. அதற்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் இடம் விடுவேன். இரண்டு எழுத்து அளவுக்கு. இன்றைக்கும் விட்டிருக்கிறேன்.